ஊசியின் காது யாருக்குச் சொந்தம்?

கையூசிக்குக் காது தலைப்பக்கம் இருக்கிறது. மெஷின் ஊசிக்குக் காது கூர்முனையை ஒட்டி இருக்கிறது. ஆங்கிலத்தில் இதைக் கண் என்கிறார்கள். நாம் காது என்கிறோம். காதறுந்த ஊசியைக் கண்டு வணிகத்தைத் துறந்தவராகப் பட்டினத்தாரை நம் மரபு நினைவில் வைத்திருக்கிறது. காது இடம் மாறிய ஊசியைக் கண்ட அமெரிக்க வணிகர்கள் எதையும் துறக்கவில்லை. வழக்குப் போட்டார்கள். 1850களின் முதல் பாதியில் அவர்கள் ஒருவர் மீது ஒருவர் போட்டுக்கொண்ட வழக்குகளுக்குத் 'தையல் மெஷின் போர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. 1856 அக்டோபரில், நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில், விசாரணைக்காக வந்திருந்த எதிரிகள் உட்கார்ந்து பேசிச் சமாதானமானார்கள். ஆளாளுக்கு வைத்திருந்த காப்புரிமைகளை ஒரே தொகுப்பில் போட்டு, இனி நமக்குள் வழக்கு இல்லை என்று முடிவு செய்தார்கள். 'தையல் மெஷின் கூட்டு' என்று அழைக்கப்பட்ட அந்த ஏற்பாடு 21 ஆண்டுகள் நீடித்தது.

இந்தக் கதையை நான் முதலில் கேட்டது எங்கள் கல்லூரி வணிகவியல் துறைக் கருத்தரங்கு ஒன்றில். தமிழ்த்துறைக்காரிக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். அரங்கை நிரப்ப எல்லாத் துறைகளையும் உட்காரவைப்பது எங்கள் கல்லூரி வழக்கம். போட்டி நிறுவனங்கள் கைகோத்து அறிவைப் பகிர்ந்துகொண்டால் எல்லாருக்கும் லாபம் என்பதற்கு முன்னோடி உதாரணமாக 1856 காட்டப்பட்டது. திரையில் மூன்று நிறுவனங்களின் பெயர்களும் தாடி வைத்த நான்கு ஆண்களின் படங்களும் இருந்தன. தையல் மெஷினைப் பற்றி ஒரு மணி நேரம் பேசி, ஒரு பெண்ணின் பெயர்கூட வராமல் முடிக்க முடியும் என்பதே எனக்கு வியப்பாக இருந்தது. தமிழில் 'தையல்' என்றால் தைப்பது. 'தையல்' என்றால் பெண்ணும்தான். வைத்தீஸ்வரன் கோயிலில் அம்மனின் பெயரே தையல்நாயகி.

'பகிர்வு' என்ற சொல்லும் உறுத்தியது. புறத்திணை நடத்தும் எந்த ஆசிரியைக்கும் இந்த இடத்தில் வேறொரு சொல் நினைவுக்கு வரும்: பாதீடு. வெட்சித் திணையில் பகைவர் ஆநிரையைக் கவர்ந்து வந்த மறவர்கள், அவற்றைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்வது பாதீடு. தொல்காப்பியம் இதைத் தனித் துறையாகவே சொல்கிறது. அதுவும் பகிர்வுதான். பசுக்களை யாரும் கேட்பதில்லை.

அந்தக் கூட்டு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு மெஷினைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். வீட்டில் மெஷின் வைத்திருக்கும் தோழிகளுக்கு இது எளிதாகப் புரியும். முனையில் காதுள்ள ஊசி மேல்நூலைத் துணிக்குக் கீழே கொண்டுபோய் ஒரு வளையம் போடுகிறது. கீழே இருக்கும் ஷட்டில் அந்த வளையத்துக்குள் அடிநூலைச் செலுத்துகிறது. இரண்டு நூலும் துணிக்கு நடுவில் பூட்டிக்கொள்கின்றன. இந்தப் பூட்டுத் தையலுக்கு எலியாஸ் ஹோவ் 1846 செப்டம்பர் 10 அன்று காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனால் ஊசி மட்டும் இருந்தால் தைக்க முடியாது. ஒவ்வொரு தையலுக்கும் துணி நகர வேண்டும். துணியைக் கீழிருந்து பிடித்து நகர்த்தி, இறங்கி, பின்னால் போய், மீண்டும் ஏறும் பற்கள் ஆலன் வில்சனுடையவை. அவர் வீலர் அண்ட் வில்சன் நிறுவனத்தைச் சேர்ந்தவர். தட்டையான மேசைமேல் துணியை நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே போகும் ஏற்பாடு ஜான் பாச்செல்டருடையது. அந்த உரிமையை ஐசக் சிங்கரின் நிறுவனம் விலைக்கு வாங்கிவிட்டது. இரட்டைச் சங்கிலித் தையல் குரோவர் அண்ட் பேக்கரிடம். நல்ல மெஷின் ஒன்று செய்ய வேண்டுமானால் குறைந்தது மூன்று பேர் வேலியைத் தாண்டியாக வேண்டும். எவரும் தனியாக நியாயமாகத் தொழில் நடத்த முடியாத நிலை.

ஹோவ் மெஷின் செய்து விற்றதைவிட வழக்கு நடத்தியதுதான் அதிகம். 1854-இல் சிங்கர் அவருக்கு 15,000 டாலர் கொடுத்துப் பணிந்தார். பிறகு மற்றவர்கள் ஒருவரையொருவர் துரத்தத் தொடங்கினார்கள். குரோவர் அண்ட் பேக்கரின் தலைவரும் வழக்கறிஞருமான ஆர்லாண்டோ பாட்டர்தான், வழக்குச் செலவிலேயே எல்லாரும் மூழ்கப்போகிறோம், உரிமைகளை ஒன்றாகப் போடலாம் என்று ஆல்பனியில் முன்மொழிந்தவர். மூன்று நிறுவனங்களும் ஹோவும் உடன்பட்டார்கள். வெளியே இருக்கும் யார் மெஷின் செய்தாலும் ஒரு மெஷினுக்கு 15 டாலர் உரிமக் கட்டணம். அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு மெஷினுக்கும் ஹோவுக்கு 5 டாலர். ஏற்றுமதியானால் 1 டாலர். ஒரு பகுதி இனி வெளியாட்கள் மீது போடப்போகும் வழக்குகளுக்கான நிதி. மீதி பங்கு. குறைந்தது 24 உற்பத்தியாளர்களுக்காவது உரிமம் தர வேண்டும் என்று ஹோவ் நிபந்தனை போட்டார். அதில் தாராள மனம் இருந்திருக்கலாம். மெஷின் எண்ணிக்கை கூடினால் அவருடைய 5 டாலர்களும் கூடும் என்பதும் இருந்திருக்கலாம். கூட்டுக்கு முன் பிறர் உதவியிலும் கடனிலும் வாழ்ந்த மனிதர், 1867-இல் இறக்கும் முன் ஈட்டியது ஏறத்தாழ இருபது லட்சம் டாலர் என்று கணிக்கப்படுகிறது.

அந்த 15 டாலரை யார் கொடுத்தது? காகிதத்தில், உரிமம் வாங்கிய கம்பெனி. நடைமுறையில், மெஷின் வாங்கியவள். 1850களின் நடுவில் ஒரு சிங்கர் மெஷின் 125 டாலர். ஒரு சராசரிக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் சுமார் 500 டாலர். மூன்று மாத வருமானத்தைக் கொட்டி வாங்க வேண்டிய பொருள். அதே 1856-இல் சிங்கரின் கூட்டாளி எட்வர்ட் கிளார்க் தவணை முறையைக் கொண்டுவந்தார்: 5 டாலர் முன்பணம், மாதாமாதம் மீதி. தவணை தவறினால் மெஷின் திரும்பிப் போய்விடும். நம் ஊர்ப் பெண்களுக்கு விளக்கத் தேவையில்லாத ஏற்பாடு இது.

இதிலே இன்னொரு முடிச்சு உண்டு. அன்றைய அமெரிக்கச் சட்ட மரபின்படி திருமணமான பெண்ணின் கூலி கணவனுக்குரியது. நியூயார்க்கில் 1848-இல் வந்த சட்டம் மனைவிக்குத் தன் சொத்தின் மீது உரிமை தந்தது. தன் கூலியின் மீது உரிமை கிடைத்தது 1860-இல்தான், எலிசபெத் கேடி ஸ்டான்டன், சூசன் பி. ஆன்டனி போன்றவர்கள் ஆண்டுக்கணக்காகப் போராடிய பிறகு. ஆகவே 1856-இல் நியூயார்க்கில் ஒரு மனைவி இரவு பகலாக மிதித்துத் தவணை கட்டியிருந்தால், கட்டியது சட்டப்படி கணவனுடைய பணம்; காலில் வலி மட்டும் அவளுடையது.

ஹோவின் வாழ்க்கையை எழுதியவர்கள் எல்லாரும் ஒரு காட்சியைத் தவறாமல் சொல்வார்கள். நோயுற்று வேலைக்குப் போக முடியாத ஹோவ் வீட்டில் படுத்திருக்கிறார். மூன்று குழந்தைகளை வைத்துக்கொண்டு மனைவி எலிசபெத் கூலிக்குத் தைக்கிறார். அவருடைய கை போய் வருவதைப் பார்த்துப் பார்த்து, அதைப் போலச் செய்யும் எந்திரத்தை முயன்று தோற்று, கடைசியில் கையைப் பின்பற்றுவதை விட்டுவிட்டு ஊசியின் காதை முனைக்கு மாற்றினார் ஹோவ். இன்னொரு கதையும் உண்டு. கனவில் ஈட்டியோடு வந்த காட்டுமனிதர்கள் அவரைச் சூழ்ந்தார்களாம். ஈட்டி முனைகளில் துளை இருந்ததாம். இந்தக் கனவுக் கதையை நான் நம்பவில்லை. ஆனால் எது அதிகம் பரவியது என்று பாருங்கள். கனவில் வந்த ஈட்டிக்காரர்களுக்குக் கொடுத்த இடத்தில் பாதியைக்கூட எலிசபெத்தின் கைக்கு யாரும் கொடுக்கவில்லை. அவர் பணத்தைப் பார்க்கவும் இல்லை. இங்கிலாந்துக்குப் போய் ஏமாந்து, கையில் காசில்லாமல் ஹோவ் திரும்பியபோது எலிசபெத் காசநோயின் கடைசிக் கட்டத்தில் இருந்தார்.

1845-இல் பாஸ்டனில் குவின்ஸி ஹால் துணித் தொழிற்சாலையில் ஹோவ் ஒரு போட்டி வைத்தார். ஒரே நீளமுள்ள பத்து மடிப்புகள். வேகமாகத் தைக்கும் ஐந்து பெண்களுக்கு ஆளுக்கொன்று. மெஷினுக்கு ஐந்து. மெஷின் ஐந்தையும் முடித்த பிறகுதான் பெண்கள் ஒன்றை முடித்தார்கள். இதைச் சொல்பவர்கள் ஹோவின் பெயரைச் சொல்வார்கள், தொழிற்சாலையின் பெயரைச் சொல்வார்கள், நிமிடத்துக்கு 250 தையல் என்ற கணக்கைச் சொல்வார்கள். அந்த ஐந்து பேர் 'ஐந்து பெண்கள்'. அவர்களை வைத்துத்தானே மெஷினின் வேகம் அளக்கப்பட்டது? நல்ல தையல் எது, கோணல் எது, எந்த இடத்தில் நூல் சுருங்கும் என்பதற்கு அளவுகோல் அவர்களுடைய கைதானே? அளவுகோலுக்குக் காப்புரிமை கிடையாது.

ஹோவுக்கு முன்பே முனையில் காதுள்ள ஊசியைச் செய்தவர் நியூயார்க்கின் வால்டர் ஹன்ட். 1834 வாக்கில் செய்து, காப்புரிமை வாங்காமல் விட்டுவிட்டார். சில ஆண்டுகள் கழித்து, 1838-இல், பதினைந்து வயது மகள் கரோலினிடம் இந்த மெஷினை வைத்து மார்க்கச்சை தைக்கும் தொழில் தொடங்கலாமே என்றார். கரோலின் அந்தத் தொழிலில் இருந்த மூத்த பெண்களிடம் போய்க் கேட்டாள். கையால் தைத்துப் பிழைப்பவர்களுக்கு இது கேடு என்று சொல்லி மறுத்துவிட்டாள். பின்னாளில் காப்புரிமைத் தகராறு வந்தபோது இந்தச் செய்தி வெளியே வந்தது. தொழில்நுட்ப வரலாற்று நூல்களில் கரோலின் ஒரு வேடிக்கைத் துணுக்காக வருகிறாள்: முன்னேற்றம் புரியாத, இரக்கம் மிகுந்த சிறுமி. எனக்கு அவள்தான் இந்த வரலாற்றில் சரியான கேள்வியைச் சரியான ஆட்களிடம் கேட்ட முதல் ஆள். ஆல்பனியில் கூடியவர்கள் யாரும் தையற்காரிகளிடம் போய்க் கேட்கவில்லை.

மெஷினால் நன்மையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. வீலர் அண்ட் வில்சன் வெளியிட்ட ஒரு கணக்குப்படி, ஓர் ஆண் சட்டையைக் கையால் தைக்க 14 மணி 26 நிமிடம். மெஷினில் 1 மணி 16 நிமிடம். விளம்பரக் கணக்குத்தான், ஆனாலும் பாதி உண்மை என்றே வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு வெளிச்சத்தில் கண் எரியத் தைத்த தலைமுறைகளுக்கு இது விடுதலை. கூட்டு ஏற்படாமல் வழக்குகளே நீண்டிருந்தால் மெஷின் இவ்வளவு விரைவாகப் பரவியிருக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மிச்சமான அந்தப் பதின்மூன்று மணி நேரம் எங்கே போனது? கூலி உருப்படிக்கு இவ்வளவு என்று இருந்தது. நேரம் குறையக் குறைய உருப்படியின் விலையைக் குறைத்தார்கள். ஒரு சட்டை தைத்த நாளில் பல சட்டைகள் தைத்தும், பிழைப்பு பெரிதாக மாறவில்லை. மெஷின் இல்லாதவள் அந்த விலையில் தாக்குப்பிடிக்க முடியாது. மெஷின் வாங்கினால் தவணை.

ஒன்று சேர்ந்த அறிவுக்கு அனுமதிச் சீட்டு காப்புரிமைக் காகிதம். அந்தக் காகிதம் யாருக்குக் கிடைக்கும் என்பதைச் சட்டம் தீர்மானித்தது. வெள்ளைப் பெண்கள் சிலருக்குக் கிடைத்தது: ஹெலன் பிளான்சர்ட் 1873-இல் ஜிக்ஜாக் தையல் மெஷினுக்கு உரிமை பெற்றார், அவர் பெயரில் மொத்தம் 28 காப்புரிமைகள். ஓரம் பிரியாமல் சேர்த்துத் தைக்கும் மெஷின்களில் அவர் வேலை பெரியது. அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்களுக்கு அந்தக் கதவே இல்லை. ஆல்பனி ஒப்பந்தத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1858-இல், அமெரிக்கத் தலைமை வழக்கறிஞர் ஜெரமையா பிளாக் ஒரு கருத்துரை வழங்கினார்: அடிமையின் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை தர முடியாது, அடிமைக்கும் கிடையாது, அவனுடைய எஜமானுக்கும் கிடையாது. மெஷின்களுக்குள் ஓடிய பருத்தி நூல் எந்த வயல்களிலிருந்து வந்தது என்பதை நினைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும்.

எலிசபெத் கெக்லியை இங்கே அழைத்து வருகிறேன். வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். செயின்ட் லூயிஸ் நகரில் எஜமானர் குடும்பத்துக்காக வெளியாட்களுக்குத் தைத்துக் கொடுத்தார். தன் ஊசி பதினேழு பேருக்கு இரண்டு ஆண்டுகள் ஐந்து மாதங்கள் சோறு போட்டது என்று 1868-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் கணக்குச் சொல்கிறார். ஆண்டு, மாதம் வரை எண்ணி வைத்திருக்கும் அந்தக் கணக்கில் இருக்கும் கோபத்தைக் கவனியுங்கள். 1855-இல் 1,200 டாலர் கொடுத்துத் தன்னையும் மகனையும் விடுவித்துக்கொண்டார். பணம் தந்தவர்கள் அவரிடம் துணி தைத்துக்கொண்ட பெண்கள். அவர்கள் இனாமாகத் தர முன்வந்தும் அதைக் கடனாகவே வைத்து, தைத்து அடைத்தார். பின்னர் வாஷிங்டனில் தையற்கடை வைத்து, அதிபர் லிங்கனின் மனைவிக்கு ஆடை தைத்தார். உள்நாட்டுப் போரில் தப்பி வந்த கறுப்பின மக்களுக்காக 1862-இல் ஓர் உதவிச் சங்கம் அமைத்தார். 1892-இல், எழுபது வயதைத் தாண்டிய பிறகு, ஒஹாயோவில் கறுப்பின மாணவர்களுக்கான வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகத்தில் தையல் கற்றுக் கொடுக்கப் போனார். அவருடைய அளவெடுப்பும் வெட்டும் எந்தத் தொகுப்பிலும் சேரவில்லை. அவை மாணவிகளின் கைகளுக்குப் போயின.

கைக்குக் கை போகும் இந்த அறிவைப் புனிதப்படுத்தவும் எனக்கு விருப்பமில்லை. எங்கள் தெருவில் என் சித்தியும், நான்கு வீடு தள்ளி ஓர் அக்காவும் ரவிக்கை தைத்தார்கள். போட்டிதான். தீபாவளிக்கு முந்தைய வாரம் இருவரும் வேலையை மாற்றிக்கொள்வார்கள். சித்தியிடம் குவிந்தால் அக்காவிடம் போகும், அக்காவுக்கு நேரமில்லையென்றால் காஜா எடுக்கவும் ஹெம்மிங் செய்யவும் இங்கே வரும். பாபின் கேஸ் கடன் போகும். நாளிதழ்த் தாளில் வெட்டிய அளவு மாதிரிகள் போய் வரும். ஆனால் அக்காவின் பின்கழுத்து வெட்டு மட்டும் வராது. சித்தி கேட்டால், "அது கை வாக்கு அண்ணி, சொல்லித் தர வராது" என்று சிரித்துவிடுவார். சித்தியும் பதிலுக்குத் தன் பஃப் கையின் சுருக்கு ரகசியத்தைத் தந்ததில்லை. பெண்களுக்குள் நடப்பது பகிர்வு, ஆண்களுக்குள் நடப்பது பாதீடு என்று நான் கோடு போட்டுவிட முடியாது. வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. அக்கா தன் வெட்டை மறைத்துக்கொண்டாள். ஆனால் என் சித்தி கழுத்து வெட்டினால் காசு கேட்டு ஆள் அனுப்ப அவளால் முடியாது.

ஆல்பனிக் கூட்டு செய்தது அதைத்தான். 1860-இல் ஹோவின் உரிமை நீட்டிக்கப்பட்டபோது கட்டணம் 15-லிருந்து 7 டாலராகக் குறைந்தது. அவருடைய பங்கு 1 டாலராயிற்று. பழைய உரிமைகள் ஒவ்வொன்றாகக் காலாவதியாக, விலைக்கு வாங்கிய அந்தப் பாச்செல்டர் உரிமையை நீட்டி நீட்டி 1877 வரை தாக்குப்பிடித்தார்கள். அது முடிந்ததும் கூட்டு முடிந்தது. மெஷின் விலை மளமளவென்று இறங்கியது. அத்தனை ஆண்டு எவ்வளவு கூடுதலாகக் கொடுத்திருக்கிறோம் என்பது வாங்கியவளுக்கு அப்போதுதான் தெரிந்திருக்கும். இலங்கையில் சிங்கர் நிறுவனம் தன் வரலாற்றைத் தொடங்கும் ஆண்டும் 1877. யாழ்ப்பாணத்து வீடுகளிலும் தஞ்சாவூர் வீடுகளிலும் சீதனமாகவும் சீராகவும் போன அந்தக் கறுப்பு மெஷின்களின் காலம் பிறகு வருகிறது. இன்று தமிழ்நாடு அரசு கைம்பெண்களுக்கும் கைவிடப்பட்ட பெண்களுக்கும் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசமாகத் தையல் மெஷின் தருகிறது. என் மாணவிகள் சிலரின் பருவத் தேர்வுக் கட்டணம் அப்படி ஒரு மெஷினிலிருந்து வருகிறது.

போட்டி முதலாளிகள் காப்புரிமைக்காக மட்டும் ஒன்றுசேர்வதில்லை. 1909 நவம்பரில் நியூயார்க்கில் மேற்சட்டை தைக்கும் பெண்கள், பெரும்பாலும் இளம் யூத, இத்தாலியக் குடியேறிகள், வேலைநிறுத்தம் செய்தார்கள். 'இருபதாயிரம் பேரின் எழுச்சி' என்று அதற்குப் பெயர். ஊசிக்கும் நூலுக்கும் மின்சாரத்துக்கும் கூலியில் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது அவர்களுடைய குறைகளில் ஒன்று. ஊசிக்குக் காசு. அதுவரை ஒருவர் ஆர்டரை ஒருவர் தட்டிப் பறித்துக்கொண்டிருந்த முதலாளிகள் உடனே ஒரு சங்கம் அமைத்தார்கள். முன்னின்றவர்கள் டிரையாங்கிள் நிறுவனத்தின் உரிமையாளர்கள் ஐசக் ஹாரிஸும் மேக்ஸ் பிளாங்கும். சிறிய கடைகள் பல தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டன. டிரையாங்கிள் தொழிற்சங்கத்தை ஏற்கவே இல்லை. 1911 மார்ச் 25 அன்று அங்கே தீப்பிடித்தது. ஒன்பதாம் தளத்தில் ஒரு கதவு பூட்டியிருந்தது. 146 பேர் இறந்தார்கள். 123 பேர் பெண்கள். உரிமையாளர்கள் விடுதலையானார்கள்.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி, "மேடம், இதெல்லாம் அமெரிக்கா" என்றாள். அவளுடைய அக்கா திண்டுக்கல் பக்கம் ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்கிறாள். அங்கே இப்போது சிங்கர் இல்லை, ஜூகி. வரிசை வரிசையாக, மணிக்கு இத்தனை உருப்படி என்ற இலக்கோடு.

2021 ஜனவரியில் அதே மாவட்டத்தில் ஓர் ஆலையின் இளம் தலித் பெண் தொழிலாளி கொல்லப்பட்டார். ஆலை மேற்பார்வையாளர் மீது குற்றம் சாட்டப்பட்டது. பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அந்தக் குடும்பத்தோடு நின்றது. அந்த ஆலையிலிருந்து துணி வாங்கும் பன்னாட்டு நிறுவனங்களையும் விடவில்லை. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆலையை நடத்தும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் ஒரு தரப்பு. எச் அண்ட் எம், கேப், பிவிஎச் என, கடைவீதியில் ஒன்றையொன்று முந்தப் பார்க்கும் நிறுவனங்கள் ஒரே ஏற்பாட்டுக்குள் வந்தன. ஆலை விதியை மீறினால் ஆர்டரில் கை வைக்க வேண்டிய கடமை அவற்றுக்கு உண்டு. ஆயிரக்கணக்கான ஆலைகள் இருக்கும் வட்டாரத்தில் இது சில ஆலைகளுக்கு மட்டுமே என்பதை மறைக்கத் தேவையில்லை. கையெழுத்திட்ட தரப்புகளில் ஒன்று தையற்காரிகளின் சங்கம் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. ஆலைக்குள், ஒவ்வொரு பகுதியிலும், சங்கம் பயிற்சி கொடுத்த பெண்கள் கண்காணிப்பாளர்களாக இருக்கிறார்கள். மேற்பார்வையாளர் யாரை எப்படித் திட்டினார், யாரை எங்கே தொட்டார், யார் தண்ணீர் குடிக்கப் போகக்கூடப் பயப்படுகிறாள் என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்வது அவர்கள் வேலை. அவர்களுக்குத் தனி அறையோ மேசையோ இல்லை. அதே வரிசையில், அதே இலக்குக்குத் தைத்துக்கொண்டே கவனிக்கிறார்கள்.